ஆறு டெசிபல்

அறுந்துவிட்டது. மறுபடியும் அதே இடம், தேங்காய்நார் மில்லின் தகரச் சுவர் முடிந்து வாய்க்கால் பாலம் தொடங்குவதற்கு முந்தைய அந்த இருபதடி. மடிக்கணினியில் பச்சைக் கோடு செங்குத்தாக விழுந்து ஒரு சிவப்புப் புள்ளியில் நின்றது. நான் சொல்வதற்கு முன்பே சாதிக் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, "மூணு மேடம்" என்றார். அவர் எண்ணத் தேவையில்லை, மென்பொருள் எண்ணும், ஆனாலும் எட்டு வருடமாக என்னோடு ஊர் ஊராக மணிக்கு நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டி ஓட்டி அவருக்கும் இது தொற்றிக்கொண்டுவிட்டது. டாஷ்போர்டில் மூன்று போன்கள் வரிசையாகப் பொருத்தியிருக்கின்றன. முதல் இரண்டும் ஒன்றையொன்று அழைத்துப் பேச்சில் இருப்பவை. பேச்சு என்றால் யாரும் பேசுவதில்லை, எங்கே அறுகிறது என்று பார்ப்பதற்காகத் திறந்தே கிடக்கும் மௌனம்தான். "ஒரே வண்டிக்குள்ள இருந்துக்கிட்டு நாளெல்லாம் லைன்ல இருக்குதுங்க, ஒரு வார்த்தை பேசறதில்ல, நானும் எங்க வீட்டம்மாவும் மாதிரி" என்று ஒவ்வொரு புது ஊரிலும் ஒருமுறை சொல்வார். இன்று சொல்லவில்லை. இது எனக்குப் புது ஊர் இல்லை என்று அவருக்குத் தெரியும், வலது பக்கம் மஞ்சள் பயிருக்கு அப்பால் தெரியும் ஓட்டு வீட்டில்தான் நான் பிறந்தேன் என்று காலையில் சொல்லியிருந்தேன், அவர் வண்டியை மெதுவாக்கி ஒரு சாமியைப் பார்ப்பது போலப் பார்த்தார், எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாவது போன் சும்மா இருப்பது. சும்மா இருக்கும் போன் எந்த டவரடியில் இருக்கிறது என்று நெட்வொர்க்குக்குத் தெரியாது, இந்த வட்டாரத்துக்குள் எங்கோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதற்கும் அது அவ்வப்போது தானாக ஒரு குரல் கொடுக்க வேண்டும், இருக்கிறேன், இருக்கிறேன் என்று. பிறகு யாராவது அதைத் தேடினால் வட்டாரத்தின் எல்லா டவர்களும் ஒரே நேரத்தில் அதன் பெயரைக் கூவும், அது ஒரே ஒரு டவருக்குப் பதில் சொல்லும். என்னுடைய சொந்த போன் கைப்பையில் அதிர்கிறது. அப்பாதான். "எங்க இருக்கறே கண்ணு?" வணக்கம் கிடையாது, நலமா கிடையாது, இருபது வருடமாக இதுதான் முதல் கேள்வி, ஓசூர்ப்பா, சேலம்ப்பா, திண்டிவனம்ப்பா, சரி என்று வைத்துவிடுவார், அவ்வளவுதான் வேண்டும் அவருக்கு, எந்த வட்டாரம் என்பது. இன்று, "பக்கத்துலதாம்ப்பா, வாய்க்கால் ரோட்டுல" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை, இதுவும் அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், அறவில்லை, அவர்தான் பேசாமல் இருந்தார். "அப்பறம் ஊட்டுக்கு வராம அங்க என்ன பண்றே? மூணு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசுல டோக்கன். நவநீ கெளம்பிட்டானாம்."

நவநீ கிளம்பிவிட்டான். நவநீதன், என் தம்பி, திருப்பூரிலிருந்து பைக்கில், தலைக்கவசம் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் ஆதாரோடு வந்துகொண்டிருக்கிறான், எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட. காளியண்ணன் ஆகிய நான், என் மகள் தமயந்திக்கு, அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக் கொடுக்கும் தானசெட்டில்மெண்ட் பத்திரம், நாலு ஏக்கர் இருபது செண்ட், கிணறு, மோட்டார், ஓட்டு வீடு. பத்திரம் எழுதுகிறவர் நேற்று போனில் மொத்தத்தையும் வாசித்துக் காட்டினார், அவர் குரலில் அன்பும் பிரியமும் சர்வே எண்ணும் ஒரே மாதிரி இருந்தன. செக்குபந்தி வாசித்தார், கிழக்கே வாய்க்கால் கரை, மேற்கே ராக்கியப்பன் வகையறா பூமி, தெற்கே வண்டித்தடம், நாலு பக்கமும் யார் என்று சொன்னால்தான் நடுவில் இருப்பது எது என்று தெரியும், டவருக்கும் அப்படித்தான், ஒவ்வொரு டவருக்கும் அண்டை டவர்களின் பட்டியல் ஒன்று உண்டு, அதில் பெயர் இல்லாத டவர் எத்தனை பக்கத்தில் நின்றாலும் போனை அதனிடம் அனுப்ப மாட்டார்கள். "உங்க நிரந்தர முகவரி சொல்லுங்கம்மா" என்றார் பத்திரம் எழுதுகிறவர். கோயம்புத்தூரில் ஒரு வாடகை வீடு, மாதத்தில் பத்து நாள் தூங்குவேன், மிச்சம் லாட்ஜ், அதைச் சொன்னேன். "அது நிரந்தரம்தானுங்களா?" என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் விழுந்தது தற்செயல் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்த ரோட்டில் பேச்சு அறுகிறது என்று வந்த புகாரும் அந்த டோக்கனும். ஆனால் இந்த வார வழித்தட அட்டவணையைப் போட்டவள் நான்தான்.

"திருப்புங்க அண்ணா, எதிர்ப்பக்கத்துல இருந்து ஒரு ரவுண்டு" என்றேன். எல்லா வழியையும் இரண்டு திசையிலும் ஓட்ட வேண்டும், ஏனென்றால் சில இடங்கள் போகும்போது மட்டும் அறும், வரும்போது அறாது. மேற்கே அரிசி ஆலை மாடியில் ஒரு டவர், கிழக்கே கோயில் மேட்டில் ஒன்று, நடுவில் இந்த ரோடு. ஆலையிலிருந்து மேட்டுக்குப் போகிற போன், ஆலை மங்கி மேடு ஓங்கும்போது கை மாற வேண்டும், அதுதான் ஹேண்டோவர், என் பதினைந்து வருடத்துச் சோறு. எப்போது மாற வேண்டும் என்பதற்கு ஒரு விதி, புது டவர் பழையதைவிட இவ்வளவு டெசிபல் மேலாக இருக்க வேண்டும், அந்த மேன்மை இவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும். சும்மா ஒரு தென்னமட்டை அசைந்ததற்கெல்லாம் தாவிவிடக் கூடாது. குறைத்து வைத்தால் போன் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும், பிங்பாங் என்போம். கூட்டி வைத்தால் பழையதையே பிடித்துத் தொங்கும், பழையது செத்துப்போகிற வரை, பிறகு புதியதைப் பிடிக்க நேரம் இருக்காது, அறுந்துவிடும். எல்லாருக்கும் மூன்று. ஊரெங்கும் மூன்று டெசிபல், முப்பத்தெட்டு மாவட்டமோ எத்தனையோ, எல்லா இடத்திலும் மூன்றுதான். இந்த இரண்டு டவருக்கு மட்டும் ஆறு. நீடிக்க வேண்டிய நேரமும் ஒரு நொடிக்கு மேல். யார் போட்டது என்று பதிவில் பார்க்க வேண்டிய அவசியமில்லை. பார்த்தேன், நேற்று லாட்ஜில். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, என் அடையாள எண், காரணம் என்ற கட்டத்தில் வாடிக்கையாளர் புகார் என்று எழுதியிருக்கிறேன்.

வாடிக்கையாளர் என்றால் அப்பா. புகார் என்றால் மோட்டார். கிணற்று மோட்டாருக்கு சிம் போட்ட ஸ்டார்ட்டர் ஒன்றை நவநீதான் வாங்கி மாட்டினான், கரண்ட் வந்தால் அது போன் பண்ணும், ஒன்றை அமுக்கினால் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும், செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓட வேண்டியதில்லை. அது சரியாக எடுக்கவில்லை, அப்பா அழைத்தால் தொடர்புக்கு வெளியே என்றது. நான் பார்த்தேன், சுவரில் நான்கு திருகாணி போட்டு இறுக்கிய பெட்டி, அது ஒரு அங்குலம் நகராது, ஆனால் அதற்குள்ளிருக்கும் சிம் ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை ஆலைக்கும் மேட்டுக்கும் மாறிக்கொண்டிருந்தது, காற்றடித்தால் இன்னும் அதிகம். நகர்கிறவைதான் மாறும் என்று படித்துவிட்டு வந்தவளுக்கு அது ஒரு மாதிரி இருந்தது. நின்ற இடத்தில் நின்றுகொண்டே ஒன்று இவ்வளவு அலைய முடியுமா என்று. மூன்றை ஆறாக்கினேன், சும்மா இருப்பதற்கும் பேச்சில் இருப்பதற்கும் சேர்த்தே ஆக்கினேன், மோட்டார் சரியாகிவிட்டது. அப்போது இந்த ரோடு மண்தடம், யாரும் வேகமாகப் போக மாட்டார்கள், நார் மில்லும் அதன் தகரச் சுவரும் கிடையாது. அப்பா அன்று இரவே அழைத்துச் சொன்னார், மோட்டார் எடுக்குது கண்ணு என்று, பிறகு வைக்காமல் இருந்தார். வைக்காமல் இருந்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். "நவநீ பேருக்கு எழுதிப் போட்டறலாம்னு நெனைக்கறன். நீயி என்ன சொல்றே?" அப்போதுதான், மடிக்கணினியை இன்னும் மூடவில்லை, அந்த ஆறு அந்தக் கட்டத்தில் மின்னிக்கொண்டிருந்தது, அது மின்னியதா அல்லது இப்போது நானாகச் சேர்க்கிறேனா, சரியாகத் தெரியவில்லை, நான் சொன்னேன், "இப்ப வேண்டாம்ப்பா. அவசரப்படாதீங்க. உங்களவிட நல்லாப் பண்றான்னு தெரியட்டும். ஒரு ரெண்டு வருசம் நின்னு காட்டட்டும், அப்பறம் குடுக்கலாம்." மேலாக இருக்க வேண்டும், அது நீடிக்கவும் வேண்டும். வேறு விதமாக யோசிக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெட்ரோல் பங்க் வந்துவிட்டது, திரும்புகிறோம், அழைப்பு மறுபடி போட்டாயிற்று, பச்சைக் கோடு, மேட்டு டவர், நன்றாக இருக்கிறது. அப்பா கொடுக்கவில்லை. அடுத்த வருடமும் கொடுக்கவில்லை. நவநீ சொட்டுநீர்க் குழாய் போட்டான், அப்பா வாய்க்காலைத் திறந்து பாத்தியில் பாய்ச்சினார். நவநீ மோட்டாரை ஓட்டினால் அப்பா நிறுத்தினார், அப்பா ஓட்டினால் இவன் நிறுத்தினான், இரண்டு பேர் போனும் அந்தப் பெட்டியில் பதிந்திருந்தது, ஆனால் முதல் எண் அப்பாவுடையது, முதல் எண் சொல்வதைத்தான் பெட்டி கடைசியில் கேட்கும். ஒருநாள் பதினோரு தடவை என்று அவன் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான், "நம்ம மோட்டாரு தமிழ்நாட்டுலயே அதிகமா வேலைக்குப் போயி அதிகமா வேலைய விட்ட மோட்டாரு, அக்கா." நானும் சிரித்தேன். சிரித்தேனா? பிறகு ஒரு மே மாதம், காலை பத்து மணி இருக்கும், நான் அலுவலகத்தில், அவன் அழைத்தான், காற்று இரைச்சல், பைக்கில் போய்க்கொண்டே பேசுகிறான். "அக்கா, நான் கெளம்பறேன். திருப்பூருல பிரிண்டிங் யூனிட்ல ஆள் கேட்டாங்க. இனி ஆவாது. எட்டு வருசம் அந்த பூமில நின்னேன், அந்தாளு இன்னும் என்னை வேலைக்காரன்னுதான் நெனைக்கறாரு. ஒண்ணு மட்டும் சொல்லு, நீயாவது அவருகிட்ட எப்பவாச்சும் எனக்குக் குடுங்கன்னு சொன்னயா?" நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, சொன்னேன் என்று பொய் சொல்லப் போனேனா, வேண்டாம் என்று சொன்னவளே நான்தான் என்று சொல்லப் போனேனா, இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் அறுந்துவிட்டது. நான் கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன், அவன்தானே அழைத்தான், அவனே அழைப்பான் என்று. ஐந்து நிமிடம். பிறகு ஒரு கூட்டம் இருந்தது. மாலையில் அழைக்கலாம் என்று நினைத்தேன். மாலையில், காலையிலேயே அழைக்காதவள் இப்போது அழைத்தால் என்ன நினைப்பான் என்று நினைத்தேன். அப்படியே மூன்று வருடம்.

"அறுந்து போகல மேடம்" என்றார் சாதிக் அண்ணன். உண்மைதான், பாலத்தைத் தாண்டி மில்லைத் தாண்டி கோடு ஒரு வளைவு வளைந்து ஆலை டவருக்கு அழகாக மாறியது. மேட்டிலிருந்து வருகிறவன் சுவருக்கு முன்பே ஆலையைப் பார்த்துவிடுகிறான், அவனுக்கு நேரம் இருக்கிறது. ஆலையிலிருந்து போகிறவன்தான் தகரத்தின் மறைவில் ஒன்றும் தெரியாமல் வந்து, சுவர் முடிந்ததும் திடீரென்று மேட்டின் எதிரில் நிற்கிறான், ஒரு நொடிக்குள் மாற வேண்டும், நான் போட்டது ஒரு நொடிக்கு மேல். அன்றைக்கு நவநீ மேற்கிலிருந்து கிழக்கே போனான், தோட்டத்திலிருந்து திருப்பூருக்குப் போக ஆலைப்பக்கம் அல்லவா போக வேண்டும், மேற்கே, இல்லை, அவன் முதலில் கோயிலுக்குப் போயிருப்பான், ஊரை விட்டுப் போகிறவன் மேட்டில் கும்பிட்டுவிட்டுத்தான் போவான், அல்லது வங்கிக்கு, வங்கி கிழக்கே. அன்றைக்குத் தகரச் சுவர் இருந்ததா? மில் எப்போது வந்தது? சாதிக் அண்ணனுக்கு எப்படித் தெரியும், ஆனாலும், "இந்த மில்லு எப்பண்ணா கட்டியிருப்பாங்க?" என்று கேட்டேன். அவர் அதை ஒரு தொழில்நுட்பக் கேள்வியாக எடுத்துக்கொண்டு தகரத்தை உற்றுப் பார்த்து, "துரு பாத்தா நாலு மழை பாத்திருக்கும் மேடம்" என்றார். நாலு மழை. அப்படியானால் இருந்தது. அப்படியானால் அவன் கேள்விக்கும் என் வாய்க்கும் நடுவில் அறுந்தது என் ஆறினால்தான். அல்லது அவனே அமுக்கி வைத்துவிட்டான். இதில் எது வேண்டும் எனக்கு? எது இருந்தால் கையெழுத்துப் போடலாம்? மூன்று வாரத்துக்கு முன்பு அப்பா, கண் அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர், ஸ்டார்ட்டரின் சின்னத் திரை தெரியவில்லை என்று ஆரம்பித்து, "உன் பேருக்கு எழுதறேன்" என்று முடித்தார். நவநீ என்றேன். "அவன் வேண்டாம்னுட்டான். சாட்சிக்கு வர்றேன்னுட்டான்." எனக்கு வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மஞ்சள் எத்தனை மாதப் பயிர் என்று எனக்குத் தெரியும், ஒன்பது, அதற்கு மேல் தெரியாது. நினைத்துப் பார்த்தால் வண்டியின் கண்ணாடி வழியாகத்தான் அந்தப் பூமி வருகிறது, நாற்பது வேகத்தில், நிற்க மாட்டேன் என்கிறது. இறங்கி நிற்பது போல நினைக்க முயன்றால் மறுபடி வண்டிக்குள் ஏறிவிடுகிறேன். போன் இங்கும் அங்கும் போகலாம், டவர் போக முடியாது, எல்லாரும் அதைத் தாண்டிப் போவார்கள், அது இருந்துகொண்டிருக்க வேண்டும். என்னால் முடியுமா? ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, அது என்ன என்று பார்த்தால் ஆசை மாதிரிதான் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்பு அவசரப்படாதீங்க என்று சொன்னபோதே அது இருந்ததா என்றுதான் பயமாக இருக்கிறது. அப்பா, நான் நல்லதுக்குச் சொன்னேன். நல்லதுக்குச் சொல்கிறவர்களின் குரலில்தான் சொன்னேன். அந்தக் குரலை நானே நம்பியிருந்தேன்.

மாற்றக் கோரிக்கையைத் திறந்தேன். ஆறு, அழித்து, மூன்று. நேரம், பாதிக்கும் கீழே. காரணம்? இந்தக் கட்டத்தை நிரப்பாமல் அனுப்ப விடாது. முன்பு தவறுதலாக என்று தட்டினேன், அழித்தேன், தவறுதலாக இல்லையே. முன்பு குடும்ப நிமித்தமாக என்று வைத்தால் வேலை போகும். சாதிக் அண்ணன் மணியைப் பார்ப்பது தெரிந்தது, இரண்டு இருபத்தைந்து. "ரிஜிஸ்டர் ஆபீசுக்கா மேடம்?" என்றார், அதற்குள் வண்டி நகர்ந்திருந்தது, வேகம் அறுபது, போன்கள் இன்னும் பேசாமல் பேசிக்கொண்டிருந்தன, நான் எதையும் நிறுத்தவில்லை. மூன்று என்று போட்டு, காரணத்தைக் காலியாக விட்டு, அனுப்பாமல் அப்படியே மடிக்கணினியை மூடினேன். மூன்றானால் மோட்டார் பெட்டி மறுபடி ஆடும். யாராவது ஓடி ஓடிப் போய் ஸ்டார்ட்டரை அமுக்க வேண்டியிருக்கும். யாராவது என்றால் நான்தானே.

சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே அவன் பைக்கின் மேல் தலைக்கவசத்தை வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் கறுத்திருந்தான், சட்டைக் காலரில் நீலச் சாயம். "அக்கா, வந்தயா" என்றான். அப்பா உள்ளே இருக்கிறார் என்று தலையால் காட்டினான். ஆதார் நகலைக் கையில் சுருட்டி வைத்திருந்தான், சுருளின் வெளிப்பக்கத்தில் முகவரி தெரிந்தது, கதவு எண், வாய்க்கால் கரைத் தோட்டம், மூன்று வருடமாகத் திருப்பூரில் இருக்கிறவன் மாற்றவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் கலங்கிவிட்டது, காரில் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை, "நவநீ, அப்பாகிட்ட அப்ப உனக்கு எழுத வேண்டாம்னு சொன்னது நான்தான்டா" என்று நேராக வந்துவிட்டது. அவன் தலைக்கவசத்தின் பட்டையை ஒருமுறை கொக்கியில் மாட்டினான். "எப்ப?" "அஞ்சு வருசமாச்சு. ரெண்டு வருசம் போகட்டும்னேன்." அவன் என்னைப் பார்த்தான், பிறகு சிரித்தான், சத்தமாகவே, பத்திரம் எழுதும் மேசையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லி அந்தாளு கேட்டுட்டாராக்கும்! அம்மா சொல்லிக் கேக்காதவரு. நானே சொல்லிக் கேக்காதவரு. நீ கொடுங்கன்னு சொல்லியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாரு, போ." எனக்குப் பாரம் இறங்கியதா ஏறியதா தெரியவில்லை. ஐந்து வருடமாக நான் தூக்கிக்கொண்டு திரிந்ததை அவன் ஒரு கையால் வாங்கி ஓரமாக வைத்துவிட்டான், என்னால்தான் நடந்தது என்பதும் போய்விட்டால் எனக்கு அங்கே இடமே இல்லை போலவும் இருந்தது. அவன் சிரிப்பு நின்றது. "அதெல்லாம் வலிக்கல. அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டேன், போன கட் பண்ணுனயே. அதான்." "நான் கட் பண்ணலடா." "செரி." "சத்தியமா. டவரு. அந்த மில்லுகிட்ட..." "எல்லாத்துக்கும் ஒரு டவர் வெச்சிருக்கறே நீயி" என்றான். "நீதான் கட் பண்ணிட்டயின்னு நான் நெனச்சேன்" என்றேன். அவன் தலைக்கவசப் பட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றினான். "போச்சாது விடு" என்றான். "உனக்குப் பூமி வேணுமா, அதச் சொல்லு மொதல்ல. வேணும்னா வேணும்னு சொல்லு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. அவரு எங்கிட்ட ரெண்டும் சொல்லாமயே வெச்சிருந்தாரு." "தெரியலடா" என்றேன். என் வாழ்க்கையில் அவனிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான் போல. உள்ளே எண்ணை அழைத்தார்கள், பதினேழு, பதினேழு யாருங்க.

இரண்டாவது சாட்சிக்கு வருவதாகச் சொன்ன பக்கத்துப் பூமி ராக்கியப்பன் வரவில்லை. பத்திரம் எழுதுகிறவர் சாதிக் அண்ணனைப் பார்த்தார், "லைசென்ஸ் இருக்குதுங்க" என்று அவர் முன்னால் வந்தார், எங்கள் வீட்டு விஷயத்தில் ஒரு கையெழுத்து அவருக்கும் கிடைத்ததில் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. "ரெண்டு பேரு பேருக்கும் எழுத முடியுங்களா?" என்று பத்திரம் எழுதுகிறவரிடம் மெதுவாகக் கேட்டேன். "இப்பவா? பத்திரம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுங்கம்மா. பேரு சேக்கணும்னா எல்லாம் புதுசா" என்றார், பிறகு, "நாளைக்கு நீங்களே அவருக்குப் பாதி எழுதிக் குடுக்கலாமே, உங்க பூமிதான அப்ப" என்றார், எனக்கு அது மிகவும் எளிதாகவும் நடக்கவே நடக்காததாகவும் ஒரே நேரத்தில் கேட்டது. "என்ன?" என்றார் அப்பா, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. "ஒண்ணுமில்லப்பா." பக்கம் பக்கமாகத் திருப்பினார்கள், திருப்பிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன், என் கையெழுத்து ஏழாவது பக்கத்தில் வேறு யாருடையதோ போல இருந்தது. அப்பாவின் கட்டைவிரலை ரேகைக் கருவியில் வைக்கச் சொன்னார் கணினி முன் இருந்த பெண். எடுக்கவில்லை. அப்பாவின் விரல்களில் ரேகை பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. துணியால் துடைத்து மறுபடி, எடுக்கவில்லை, "நல்லா அமுத்திப் புடிங்கய்யா, எடுக்காதீங்க, நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க." அவர் மணிக்கட்டை இடது கையால் பிடித்து அமுக்கிக்கொண்டு நின்றார், வேட்டி மடிப்புத் தளர்ந்திருந்தது, அதைச் சரி செய்யக் கை இல்லை. அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அந்த மணியோசை ஸ்டார்ட்டருக்கு மட்டும் வைத்தது, மூன்று பேருக்கும் தெரியும். "கரண்ட் வந்துருச்சு" என்றார் அப்பா, விரலை எடுக்காமல். "யாராச்சும் எடுங்க." நான் அவர் பையிலிருந்து எடுத்தேன், சட்டைத் துணி சூடாக இருந்தது. மும்முனை மின்சாரம் வந்துள்ளது, மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல், தூரத்து ஊரின் குரல். என் கட்டைவிரல் ஒன்றின் மேல்தான் இருந்தது. பக்கத்தில் நவநீ மேசையில் குனிந்து சாட்சிக்கான இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். போனை அவன் பக்கம் நீட்டினேன். அவன் நிமிரவில்லை. வலது கை எழுதிக்கொண்டிருக்க, இடது கையை நீட்டி ஒன்றை அமுக்கிவிட்டு, தகப்பனார் பெயர் என்ற கோட்டுக்குப் போனான்.